'ரீக்' என்ற ஆங்கிலச் சொல்: பொருளையும் பிறப்பையும் தேடும் முறை, தமிழில் சொல்லும் வழி

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால், மண்டபத்திலிருந்து இராமேசுவரம் வரை விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் கடலுக்குப் போகாமல் கரையோரம் கட்டப்பட்டுக் கிடக்கும். புயல் கடந்த மறுநாள் வரும் ஆங்கில நாளிதழ்களைப் புரட்டினால், பெரும்பாலும் ஒரே தொடர் கண்ணில் படும்: புயல் இன்ன ஊரில் 'ரீக்டு ஹேவக்' என்று எழுதியிருப்பார்கள். 'பேரழிவை ஏற்படுத்தியது' என்று அதற்குப் பொருள் சொல்லிக் கடந்துவிடுவது நம்மிடம் வழக்கமாகிவிட்டது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும், மீனவர்களுக்கு மனு எழுதித் தருபவர்களும், செய்தியை மொழிபெயர்ப்பவர்களும் அந்தப் பொருளை மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். அது தவறான பொருள் அன்று. ஆனால் அந்த அளவோடு நிற்பவர்கள், சொல்லைத் தாமே எடுத்து எழுத வேண்டிய இடத்தில் தடுமாறுகிறார்கள். எந்தச் சேதத்துக்கு அது பொருந்தும், எதற்குப் பொருந்தாது, அதன் பின்னால் என்ன வேற்றுமை உருபு வரும், தமிழில் அதற்கு நெருங்கிய சொல் எது என்பவற்றைத் தேடிக் கண்டுகொள்ளும் முறையை, இந்த ஒரு சொல்லை முன்வைத்து இங்கே விளக்குகிறேன். சேதத்தைக் குறிக்கும் வேறு எந்த ஆங்கிலச் சொல்லுக்கும் இதே முறை உதவும்.

சொல்லைச் சரியாகப் பிடித்தல்

தேடல் எழுத்திலிருந்து தொடங்க வேண்டும். இந்தச் சொல்லின் எழுத்துகள் டபிள்யூ, ஆர், ஈ, ஏ, கே. உச்சரிப்பு 'ரீக்'. முதலில் நிற்கும் டபிள்யூ இன்று ஒலிப்பதில்லை. பழைய ஆங்கிலத்தில் அது ஒலித்தது. 'வ்ரெக்கன்' என்பதுபோல அந்தச் சொல்லைச் சொன்னார்கள். டச்சு மொழியில் வழங்கும் இதன் உறவுச்சொல்லில் அந்த வகர ஒலி இன்றும் கேட்கிறது. ஆங்கிலத்தில் ஒலி மறைந்தும் எழுத்து தங்கிவிட்டது. அப்படித் தங்கிய எழுத்தைப் பயனற்றது என்று எண்ண வேண்டாம். ஒரு குடும்பத்துச் சொற்களை அடையாளம் காண அதுவே முதல் தடயமாக இருக்கும்.

பக்கத்தில் மூன்று சொற்கள் நின்று குழப்பும். 'ரெக்' என்பது உடைந்த கப்பலையும் உடைத்து நொறுக்குவதையும் குறிக்கும். 'ரேக்' என்பது கரை ஒதுங்கிய கடற்பாசியையும், பழைய வழக்கில் அழிவையும் குறிக்கும். 'ராட்' என்பது வேறு குடும்பம்: 'வொர்க்' என்ற வினையின் பழைய இறந்த கால வடிவம் அது. ஆகையால் 'ராட் ஹேவக்' என்று யாரேனும் எழுதியிருந்தால் அதைப் பிழை என்று அடிக்கக் கூடாது. 'அழிவை விளைத்தது' என்ற பொருளில் அது செல்லும். ஆனால் 'ரீக்' என்பதன் இறந்த காலம் 'ராட்' என்று சொல்லிக் கொடுப்பது பிழை. அதன் இறந்த காலம் 'ரீக்டு' மட்டுமே. 'ரெக் ஹேவக்' என்று எழுதுவதும் பிழை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அந்தப் பிழையை அடிக்கடி செய்கிறார்கள் என்பதால், அச்சில் பார்த்தோம் என்று அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. துர்நாற்றம் வீசுவதைக் குறிக்கும் வேறொரு 'ரீக்' உண்டு. ஒலி ஒன்று, எழுத்து வேறு, உறவு எதுவும் இல்லை.

எதனோடு சேர்ந்து வருகிறது என்று பார்த்தல்

அகராதியைத் திறப்பதற்கு முன்னால், அந்தச் சொல் வரும் பத்து வாக்கியங்களையாவது நாளிதழ்களிலிருந்து எழுதி வைத்துக்கொண்டு, அதன் செயப்படுபொருள் எது என்று ஒவ்வொன்றிலும் அடிக்கோடிட வேண்டும். நான் சொல்லும் வேலைகளில் மிகுந்த பலன் தருவது இதுதான். அடிக்கோடிட்டுப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். 'ரீக்' என்ற வினை அழிவு, சேதம், பழி, சினம், தண்டனை என்ற சொற்களையே செயப்படுபொருளாக ஏற்கிறது. சேதமடைந்த ஊரையோ படகையோ வீட்டையோ நேராக ஏற்பதில்லை. அவை 'ஆன்' அல்லது 'அப்பான்' என்ற முன்னிடைச் சொல்லுக்குப் பின்னால்தான் வரும். அதாவது 'புயல் ஊரை ரீக் செய்தது' என்று ஆங்கிலத்தில் சொல்ல முடியாது. 'புயல் ஊர் மேல் அழிவை ரீக் செய்தது' என்றுதான் சொல்ல முடியும். 'ரெக்' என்ற வினை இதற்கு நேர்மாறானது. அது படகையே நேராகப் பிடித்துக்கொள்ளும்.

இந்த இலக்கணம் தமிழருக்கு அயலானது அன்று. 'யார் மேலேயோ இருந்த கோபத்தை என் மேல் தீர்த்துக்கொண்டான்' என்று நாம் அன்றாடம் சொல்கிறோம். அந்த வாக்கியத்தில் 'தீர்' என்ற வினைக்குக் கோபம் செயப்படுபொருள்; அடிபட்டவன் 'மேல்' என்ற உருபோடு நிற்கிறான். 'பழி தீர்த்தான்', 'ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டான்', 'வஞ்சம் தீர்த்தான்' என்ற தொடர்களும் அதே அமைப்பில் உள்ளவை. 'ரீக்' என்ற சொல்லின் எலும்புக்கூடு தமிழின் 'தீர்' என்ற வினையின் எலும்புக்கூட்டோடு அப்படியே ஒத்துப்போகிறது என்பதை ஒருமுறை பார்த்துவிட்ட மாணவர், 'ஆன்' போடுவதா விடுவதா என்று பிறகு ஒருபோதும் தயங்குவதில்லை. உள்ளே அடைபட்டிருந்த ஒன்றை வெளியே இன்னொருவர் மேல் செலுத்தித் தணித்துக்கொள்ளுதல் என்ற படமே இரண்டு மொழிகளிலும் அடியில் இருக்கிறது. இந்தச் சொல்லின் பிறப்பும் அந்தப் படத்தையே உறுதிசெய்கிறது. அதைக் கீழே பார்ப்போம்.

இதில் கவனக்குறைவாக இருந்தால் என்ன நேரும் என்பதை ஒரு மனுவின் வழியாகக் கற்றுக்கொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு புயலுக்குப் பிறகு, எனக்குத் தெரிந்த நாட்டுப்படகுக்காரர் ஒருவருக்கு இழப்பீடு கேட்டு ஆங்கிலத்தில் மனு எழுதித் தந்தேன். நங்கூரக் கயிறு அறுந்து, அவருடைய வத்தை பக்கத்துப் படகில் மோதி, அணியத்துப் பலகை விண்டு, உள்ளே தண்ணீர் புகுந்திருந்தது. நான் அதையெல்லாம் விரித்து எழுதாமல், படகு இப்போது ஒரு 'ரெக்' என்று ஒரே சொல்லில் முடித்திருந்தேன். பெயர்ச்சொல்லாக நிற்கும்போது அந்தச் சொல், நெடுநாளாக உடைந்து கிடக்கும் கலத்தையும் குறிக்கும். அலுவலகத்தில் அப்படித்தான் படித்தார்கள். புயலுக்கு முன்பே பயன்பாட்டில் இல்லாத படகு என்று குறிப்பெழுதி மனு திரும்பி வந்தது. அவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றார். "போன வாரம் வரைக்கும் தொழிலுக்குப் போன வத்தையப் போயி, ஒடஞ்சு கெடந்த பழசுன்னு எழுதிப்புட்டீகளே தம்பி" என்றார். குரலில் கோபம் இல்லை. அதனாலேயே எனக்கு மிகவும் வலித்தது. மறுபடி எழுதியபோது கயிறு அறுந்தது, மோதியது, பலகை விண்டது, தண்ணீர் புகுந்தது என்று நடந்த வரிசையிலேயே, ஒவ்வொன்றுக்கும் ஒரு வினையாக எழுதினேன். இழப்பீட்டு மனுவில் 'ரீக்' என்ற சொல்லும் 'ஹேவக்' என்ற சொல்லும் வரவே கூடாது என்பது அன்றிலிருந்து நான் பிறருக்குச் சொல்லும் விதி. அவை செய்தியாளர் தூரத்திலிருந்து பார்த்துச் சொல்லும் சொற்கள். படகுக்காரருக்கு எந்தப் பலகை போனது என்பதே முக்கியம்.

அகராதியை வரலாறாகப் படித்தல்

மாணவருக்கான அகராதியும் வரலாற்று அகராதியும் ஒரே முறையில் அடுக்கப்பட்டவை அல்ல. மாணவர் அகராதியில் இன்று மிகுதியாக வழங்கும் பொருள் முதலில் வரும். 1884இல் முதல் பகுதி வெளியாகி 1928இல் நிறைவடைந்த ஆக்ஸ்போர்டு பெருஅகராதியில் மிகப் பழைய பொருள் முதலில் வரும். அடுத்தடுத்த பொருள்கள் ஆண்டு குறித்த மேற்கோள்களோடு கால வரிசையில் இறங்கும். இந்த வேறுபாட்டை அறியாமல் பெருஅகராதியின் முதல் பொருளை எடுத்து இன்றைய செய்திக்கு ஒட்டவைத்தால், புயல் மக்களை நாடு கடத்தியது என்பதுபோன்ற விபரீதம் நேரும். அதை மேலிருந்து கீழாக ஒரு வம்ச வரலாறாகப் படிக்க வேண்டும். பொருளுக்காகத் திறப்பவர் கீழேயிருந்து மேலே போவது நல்லது.

அப்படிப் படித்தால் 'ரீக்' சொல்லின் பாதை தெரிகிறது. பழைய ஆங்கிலத்தில் அதற்கு விரட்டு, துரத்தித் தள்ளு, வெளியேற்று என்பன பொருள்; கூடவே தண்டித்தல், பழிவாங்குதல் என்ற பொருள்களும் இருந்தன. குற்றம் செய்தவனை ஊரைவிட்டு விரட்டுவதே தண்டனையாக இருந்த சமூகத்தில், விரட்டுதலும் தண்டித்தலும் ஒரே சொல்லுக்குள் அடங்கியது இயல்பு. பிறகு பழியையோ சினத்தையோ ஒருவர் மேல் செலுத்துதல் என்ற அமைப்பு நிலைபெற்றது. சினத்தைச் செலுத்தினால் சேதம் விளையும் அல்லவா? அந்த வழியாக, சினம் என்ற செயப்படுபொருளின் இடத்தில் சேதம், அழிவு என்பவை வந்து உட்கார்ந்தன. அது நடந்தது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். ஆயிரம் ஆண்டு வயதுள்ள ஒரு சொல்லில், நாம் நாளிதழில் காணும் பொருள் இரண்டு நூற்றாண்டு வயதே உடையது. ஜெர்மன் மொழியின் உறவுச்சொல் இன்றும் பழிவாங்குதல் என்ற பொருளிலேயே நிற்கிறது.

குடும்பத்தைத் தேடுதல்

ஒரு சொல்லின் பிறப்பைத் தனியாக மனத்தில் வைத்துக்கொள்ள முடியாது. உடன்பிறந்தவற்றோடு சேர்த்துப் பார்த்தால் அது தானாக நினைவில் நிற்கும். விரட்டுதல் என்ற அந்தப் பழைய வேரிலிருந்து ஆங்கிலத்தில் 'ரெச்' என்ற சொல்லும் வந்தது. இன்று அது பரிதாபத்துக்குரியவனை அல்லது இழிந்தவனைக் குறிக்கும். அதன் பழைய பொருள் ஊரைவிட்டு விரட்டப்பட்டவன், நாடு கடத்தப்பட்டு அலைபவன். ஜெர்மனியில் அதே சொல் 'ரெக்கெ' என்ற வடிவில் வீரனைக் குறிக்கிறது. நாடு இழந்து, போர் தேடி அலைந்தவனை ஒரு மொழி பரிதாபமாகப் பார்த்தது. இன்னொரு மொழி வியந்து பார்த்தது. ஏறக்குறைய ஒரே வேர், பக்கத்துப் பக்கத்து நிலங்களில், இவ்வளவு விலகிப் போயிருக்கிறது. வேர்ப்பொருளே உண்மைப் பொருள் என்று வாதிடுபவர்களுக்கு இந்த ஒரு சோடியைக் காட்டினால் போதும்.

நம் கடற்கரைக்கு நெருங்கிய உடன்பிறப்பு 'ரெக்'. அது ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து நார்மானியப் பிரெஞ்சின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் அதற்கு உடைந்த கப்பல் என்ற பொருள் இல்லை. அலை விரட்டிக் கொண்டுவந்து கரையில் தள்ளிய பொருள் என்பதே பொருள். இங்கும் அடிப்படை விரட்டுதல்தான். விரட்டுவது மட்டும் கடல். அது சட்டச் சொல்லாகவும் இருந்தது. கரை ஒதுங்கிய சரக்கு யாருக்குச் சொந்தம் என்பது அரசருக்குப் பெரிய வருமானப் பிரச்சினை. 1275இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம், கப்பலிலிருந்து ஒரு மனிதனோ ஒரு நாயோ ஒரு பூனையோ உயிரோடு தப்பியிருந்தால் அந்தச் சரக்கை 'ரெக்' என்று கொள்ளக் கூடாது என்றும், ஓராண்டும் ஒரு நாளும் உரிமையாளருக்காக அதைப் பாதுகாக்க வேண்டும் என்றும் விதித்தது. அதே 13ஆம் நூற்றாண்டில், நம் கிழக்குக் கரையில், ஆந்திரத்தின் மோட்டுப்பள்ளியில் காக்கதீய அரசர் கணபதிதேவர் ஒரு சாசனம் வெட்டினார். புயலில் சிக்கிக் கரை ஒதுங்கும் கலங்களின் சரக்கை முன்னைய அரசர்கள் பறித்துக்கொண்டார்கள், இனி அப்படிச் செய்யாமல் உரிய சுங்கத்தை மட்டும் பெறுவோம் என்று வணிகருக்கு அபயம் அளித்தது அந்தச் சாசனம். கரை ஒதுங்கிய பொருளைச் சுற்றிய கவலை இரண்டு கடல்களிலும் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

'ரேக்' என்ற மூன்றாவது உடன்பிறப்பைப் புரிந்துகொள்ள, மண்டபம் பக்கத்துக் கடற்கரையில் ஒரு காலை வேளை போய் நின்றால் போதும். இரவு காற்று வீசியிருந்தால், அலை வந்து திரும்பும் கோட்டில் பழுப்பும் பச்சையுமாகப் பாசி ஒரு நீண்ட வரப்புப் போலக் குவிந்து கிடக்கும். கால் வைத்தால் வழுக்கும். வெயில் ஏற ஏற உப்புப் பூத்து, கயிறுபோல முறுகிவிடும். கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள், பாறையில் இருந்து கையால் பறிப்பதை மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று இனம் பிரித்துப் பெயர் சொல்வார்கள். தானாக வந்து கரையில் சேர்ந்ததை அவர்கள் அவ்வளவு மதிப்பதில்லை. அந்தக் கரை ஒதுங்கிய குவியலுக்கு ஆங்கிலத்தில் 'ரேக்' என்று பெயர். கடல் விரட்டித் தள்ளியது என்ற வேர்ப்பொருள் அங்கே கண்முன் கிடக்கிறது.

இப்படிக் குடும்பம் தேடும்போது ஓர் எச்சரிக்கை தேவை. ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக உறவு கற்பிக்கக் கூடாது. 'ரீக்' என்பதைத் தமிழின் 'இறுக்கு' என்பதோடு இணைத்துப் பார்க்க யாருக்கும் ஆசை வரலாம். ஆனால் பழைய வடிவம் என்ன, எந்த நூற்றாண்டில் எந்த எழுத்தில் பதிவானது, உறவு மொழிகளில் அதன் ஒலி முறைப்படி எப்படி மாறியிருக்கிறது என்ற மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்தால்தான் உறவு உறுதியாகும். 'கட்டுமரம்' என்ற நம் சொல் ஆங்கிலத்துக்குப் போனது என்று நாம் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், 17ஆம் நூற்றாண்டில் நம் கரைகளுக்கு வந்த கடலோடிகள் அந்தக் கலத்தைப் பார்த்து, அந்தப் பெயரோடு எழுதிவைத்திருப்பதே. தமிழ்ப்பற்று உள்ளவர்கள்தாம் இந்த ஒழுங்கைக் கடுமையாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஆதாரமில்லாத உறவுகள் பெருகினால், ஆதாரமுள்ள உறவையும் நம்புவதற்கு ஆள் இருக்காது.

அரபியின் வழியாக வந்த ஒரு சொல்லையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். கீழக்கரையும் தொண்டியும் உள்ள மாவட்டத்தில் அதைச் சொல்லாமல் விடுவது சரியாகாது. சராசரி என்று நாம் மொழிபெயர்க்கும் 'ஆவரேஜ்' என்ற சொல், முதலில் கடற்பயணத்தில் சரக்குக்கு நேர்ந்த சேதத்தைக் குறித்தது. பழுதடைந்த சரக்கைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து மத்தியதரைக் கடல் வணிகர்களின் மொழிகளுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அந்தச் சேதத்தைச் சரக்குக்காரர்கள் எல்லாரும் தத்தம் பங்குக்கு ஏற்பப் பகிர்ந்துகொண்டதால், பகிர்ந்து வரும் பொது அளவு என்ற பொருள் பிறந்தது. கப்பல் காப்பீட்டுச் சட்டத்தில் இன்றும் அந்தச் சொல் சேதம் என்ற பழைய பொருளிலேயே வழங்குகிறது.

'ஹேவக்' என்ற கூச்சலும் சூறையும்

'ரீக்' பெரும்பாலும் 'ஹேவக்' என்ற சொல்லோடு வருவதால், அதன் பிறப்பையும் பார்க்காமல் மொழிபெயர்ப்பில் இறங்க முடியாது. 'ஹேவக்' முதலில் ஒரு கூச்சல். படைத்தலைவன் அதை உரக்கக் கத்தினால், கட்டுப்பாடு நீங்கியது, கையில் அகப்பட்டதை அள்ளிக்கொள்ளலாம் என்று வீரர்களுக்குப் பொருள். கொள்ளை என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அது வந்தது. அனுமதியில்லாமல் யாராவது அப்படிக் கூவிவிட்டால் படையே கலைந்து கொள்ளையில் இறங்கிவிடும் என்பதால், 1385இல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ரிச்சர்டு தம் படைக்கு வகுத்த போர் விதிகளில், 'ஹேவக்' என்று கத்துபவன் தலையை இழப்பான் என்று எழுதப்பட்டது. கொள்ளைக்கான கூச்சல் என்ற பொருள் தேய்ந்து, பொதுவான பேரழிவு என்ற பொருள் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்து சேர்ந்தது.

இதைப் படித்த பிறகு தமிழ்ப் பேரகராதியை எடுத்து, 'சூறை' என்ற சொல்லைப் பாருங்கள். 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட அந்த அகராதி இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. சூறை என்றால் சுழல்காற்று. சூறை என்றால் கொள்ளை. 'சூறாவளி' என்ற சொல்லில் முதல் பொருளும், 'சூறையாடு' என்ற சொல்லில் இரண்டாவது பொருளும் இன்றும் உயிரோடு உள்ளன. நம் ஊர்ப் பிள்ளையார் கோயில் வாசலில் உடைபடும் சூறைத் தேங்காயையும் நினைத்துக்கொள்ளுங்கள். காய் கல்லில் பட்டுச் சிதறுகிற அந்த நொடியில், சுற்றி நிற்கும் பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு பாய்வார்கள். எட்டியவருக்கு எட்டியது சொந்தம். மண் ஒட்டிய சில்லையும் சட்டையில் துடைத்து வாயில் போட்டுக்கொள்வார்கள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற அந்த அனுமதிதான் சூறை. 'ஹேவக்' என்ற கூச்சலின் உட்பொருளும் அதே அனுமதிதான். கோயில் வாசலில் அது மகிழ்ச்சி, போர்க்களத்தில் அது கொடுமை.

அந்தப் பார்வை நம் இலக்கியத்துக்கும் பழையது. மணிமேகலையில் சாதுவன் ஏறிச் சென்ற கலத்தைக் காற்று 'வௌவியது' என்று சொல்லப்படுகிறது. வௌவுதல் என்றால் பறித்துக்கொள்ளுதல். ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு கிடந்தவனை அலை 'உகைத்து'க் கரை சேர்த்தது. உகைத்தல் என்றால் உந்திச் செலுத்துதல். பறித்தல், செலுத்துதல் என்ற இரண்டு வினைகளும் ஒரே கடல் விபத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. 'ஹேவக்', 'ரீக்' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களின் அடியிலும் அதே இரண்டு செயல்கள்தாம் உள்ளன. இது மொழி உறவு அன்று. கடலைப் பார்த்த இரண்டு சமூகங்கள் தனித்தனியே வந்தடைந்த இடம்.

ஆகவே 'புயல் ரீக்டு ஹேவக்' என்பதைத் தமிழில் 'புயல் சூறையாடியது' என்று எழுதலாம். 'பேரழிவை ஏற்படுத்தியது' என்பதைவிட அது சுருக்கமானது. பொருளிலும் மூலத்துக்கு நெருங்கியது. காற்றும் கொள்ளையும் ஒரே சொல்லில் சேர்வதால் தமிழ் வாசகருக்குக் கூடுதலாகவும் ஒன்றைத் தருகிறது. 'ஏற்படுத்தியது' என்ற வினையை நம் செய்தித்தமிழ் எல்லாவற்றுக்கும் பயன்படுத்தித் தேய்த்துவிட்டது என்பது என் வருத்தம். பாதிப்பையும் ஏற்படுத்துகிறார்கள், பரபரப்பையும் ஏற்படுத்துகிறார்கள், அழிவையும் ஏற்படுத்துகிறார்கள்.

எந்தச் சேதத்துக்கு எந்தச் சொல்

பழியோடு வரும் 'ரீக்' என்ற சொல்லுக்கு 'பழி தீர்த்தல்' சரியான தமிழ். சினத்தோடு வந்தால் 'சினத்தைத் தீர்த்துக்கொள்ளுதல்' என்று எழுதலாம். அழிவோடு வந்து, செய்தது புயலோ வெள்ளமோ படையோ கும்பலோ என்றால் 'சூறையாடுதல்' பொருந்தும். ஒரு பயிரில் பூச்சி, ஒரு கணினியில் நச்சுநிரல் என்று வந்தால் 'சூறை' மிகையாகத் தோன்றலாம். அங்கே 'நாசம் செய்தது' போதும்.

மெல்ல நிகழும் சேதத்துக்கு இந்தச் சொல் எந்த மொழியிலும் பொருந்தாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மன்னார் வளைகுடாவில் கணக்கிடப்பட்ட 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இன்று நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லுக்காகவும் பவளப்பாறையைப் பல்லாண்டு வெட்டி எடுத்ததும் இதற்குக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. இதை எழுதும்போது ஆங்கிலத்தில் 'ரீக்' என்று போட்டால், ஒரே இரவில் நடந்த சீற்றம் போலவும், செய்தவர் யாரும் இல்லாத இயற்கைச் செயல் போலவும் தோன்றிவிடும். 'வெட்டினார்கள்', 'அரித்தது', 'மூழ்கியது' என்று செய்தவரும் செயலும் தெரியும்படி தனித்தனி வினைகளால் எழுத வேண்டும். காற்றுக்குச் சினம் உண்டு என்று பேசுவது இரண்டு மொழிகளுக்கும் வழக்கம்தான். ஆனால் மனிதர் செய்த வேலையைச் சீற்றத்தின் கணக்கில் எழுதிவிடும் அளவுக்கு அந்த வழக்கத்தை நீட்டக் கூடாது.

ஒரு பயிற்சி

தனுஷ்கோடியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு வடிவில் எழுதும் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடி மேல் 'ரீக்டு ஹேவக்'. முதலில் செயப்படுபொருளைக் குறியுங்கள்: அழிவு. பாதிக்கப்பட்டது 'ஆன்' உருபோடு நிற்கிறது: ஊர். செய்தது புயல், நடந்தது டிசம்பர் 22ஆம் தேதி இரவு, திடீரென்று, வன்மையோடு நடந்தது. எல்லா அடையாளங்களும் பொருந்துகின்றன. 'புயல் தனுஷ்கோடியைச் சூறையாடியது' என்று எழுதலாம். தமிழில் ஊர் நேரடிச் செயப்படுபொருளாக மாறுவதைக் கவனியுங்கள். 'தனுஷ்கோடி மேல் சூறையாடியது' என்று உருபையும் சேர்த்து மொழிபெயர்த்தால் அது தமிழாக இருக்காது. அடுத்த வாக்கியத்தில் எது போனது என்று பெயர் சொல்லுங்கள்: பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில், ரயில் நிலையம், தலைமன்னாருக்குக் கப்பல் புறப்பட்ட துறை, பாம்பன் பாலத்தின் இரும்புத் தூலங்கள். சூறை என்ற சொல்லுக்கு அப்போதுதான் கனம் வரும். எடுத்துச் செல்லப்பட்டவை எவை என்று சொல்லாமல் சூறை என்று மட்டும் எழுதுவது வெறும் முழக்கம்.

பிறகு அங்கே இன்றும் மணலில் நிற்கும் தேவாலயத்தின் சுவர்களுக்கு வாருங்கள். மாணவர்கள் அதை 'ரெக்' என்று எழுதிவிடுகிறார்கள். அந்தச் சொல் கலத்துக்கும் வண்டிக்கும் உரியது. கட்டடத்துக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் சொல் 'ரூயின்'. விழுதல் என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து அது வந்தது. தமிழில் அதற்குத் தேட வேண்டியதில்லை. கூரை போய், காரை உதிர்ந்து, பவளக்கல்லின் துளைகள் வெளியே தெரிய நிற்கும் அந்தச் சுவரைப் பார்த்த எவரும் இடிபாடு என்றுதான் சொல்வார்கள்.